எப்போது புகைகிறது?

விடியற்காலையில் வானொலி நிலையத்துக்குப் புறப்பட அப்பாவின் பழைய காரைக் கிளப்பினால் நீலப் புகை. “என்ஜினையே பிரிக்கணும்” என்றார் பட்டறைக்காரர். அப்பா கேட்டது ஒன்றுதான்: “எப்போம்மா புகையுது?”

நீலப் புகை என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. இரவெல்லாம் நின்ற காரைக் கிளப்பும்போது மட்டும் வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட்டில் அழுத்தம் குறைவாக இருந்தால், சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் கோளாறு.

வேறு பட்டறையில் சோதித்தோம். அழுத்தம் சரி, சீல் மட்டுமே தேய்ந்திருந்தது. என்ஜினை இறக்காமலே மாற்றினார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புமுன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எண்ணெய் வற்றினால் என்ஜினே போய்விடும்.