பள்ளிக்கூடமும் புள்ளிக்கணக்கும்

நமது தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே புள்ளியியல் என்று ஒரு பாடம் இருக்கின்றது. தரவு திரட்டவும், நேர்க்கோட்டுக் குறி போடவும், பட்டை விளக்கப்படம் வரையவும் அதில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது. நல்ல காரியந்தான். ஆனால் யாருக்கு மாம்பழம் பிடிக்கும், யாருக்கு வாழைப்பழம் பிடிக்கும் என்று எண்ணி, வர்ணம் தீட்டி, மதிப்பெண் வாங்குவதோடு பாடம் தீர்ந்து போகுமானால் அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கின்றோம். எண்ணியதைக் கொண்டு ஒரு சங்கதி மெய்யா பொய்யா என்று பார்க்கப் பழக்க வேண்டாமா?

முகப்பேரையே எடுத்துக்கொள்ளுவோம். மகப்பேறு என்பதே முகப்பேர் ஆயிற்றென்று ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்லுகின்றார்கள். அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளை வேண்டினால் பிள்ளை பிறக்குமாம். வேண்டினோம், பிறந்தது என்று சாட்சி சொல்லுகின்றவர்கள் பொய்யர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேண்டியும் பிறக்காதவர்கள் எங்கே என்றுதான் கேட்கின்றோம். அவர்கள் திரும்பி வந்து கோயில் வாசலில் நின்று சொல்லுவார்களா?

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் டயாகரஸ் என்ற நாத்திகரிடம், கடலில் பிழைத்தவர்கள் கோயிலில் மாட்டிய காணிக்கைப் படங்களைக் காட்டினார்களாம். மூழ்கினவர்கள் படம் எங்கே என்றாராம் அவர்.

உபாத்தியாயர் கரும்பலகையில் நான்கு கட்டம் போடட்டும். வேண்டிப் பெற்றவர், வேண்டியும் பெறாதவர், வேண்டாமலே பெற்றவர், வேண்டாமலும் பெறாதவர். கோயில் வாசலில் முதற் கட்டம் ஒன்றுதான் நிரம்பும். மூன்றாவதைப் பாருங்கள். பெண்ணுக்கு நாற்பது வயதுக்குட்பட்ட தம்பதிகள் கருத்தடையின்றி வாழ்ந்தால் 100க்கு 80க்கு மேல் ஓராண்டிற்குள்ளும், மீதியில் ஏறக்குறையப் பாதி அடுத்த ஆண்டிலும் கருவுறுவதாக வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். இடையில் நேர்ந்துகொண்டவருக்குப் பிறந்தால் பெருமை யாருக்குப் போகின்றது?

பிறக்காவிட்டாலோ பழியெல்லாம் பெண் தலையில்! மலடி என்ற பட்டத்தோடு அவளைக் கோயில் கோயிலாய் இழுக்கின்றார்களே தவிர, புருஷனை ஒருநாள் பரிசோதனைக்கு அனுப்புகின்றார்களா? பிள்ளையில்லாத தம்பதிகளில் சுமார் பாதிப்பேரிடம் ஆணின் குறைக்கும் பங்குண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு இத்தொல்லை வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறிற்று. ஒரு கட்டத்தை மாத்திரம் எண்ணுகிற வழக்கத்தால் வைத்தியத்துக்குரிய வயது வீணாய்க் கழிகின்றது.

நிற்க. பதினொரு வயதுப் பிள்ளைகளை வீடு வீடாய் அனுப்பி இதைக் கேட்கச் சொல்ல நாம் பைத்தியக்காரரல்ல. அவர்களுக்கு மழை போதும். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கூட முற்றத்தில் நேர்ச்சுவருள்ள ஒரு டப்பாவை வைத்து, தினம் காலையில் அளவுகோல் விட்டுப் பார்த்து எழுதட்டும். பஞ்சாங்கத்தில் மழை என்று குறித்த நாள், குறிக்காத நாள். பெய்த நாள், பெய்யாத நாள். இதிலும் நான்கு கட்டந்தான். சொன்ன நாளில் பெய்ததை மட்டும் எண்ணினால் ஏமாந்து போவார்கள். வடகிழக்குப் பருவத்தில் சொல்லாத நாளிலும் சென்னையில் மழை கொட்டும். முகப்பேர்ப் பிள்ளைகள் இக்கணக்கை எழுதியனுப்பினால், முடிவு யார் பக்கம் சாய்ந்தாலும் அப்படியே பிரசுரிப்போம்.