தவறணையும் தாளமும்

சங்கீதம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது சபை. மேடையிலே விரிப்பு, முன்வரிசையிலே பெரியோர், மண்டபமெங்கும் அமைதி. ஆயினும், உலகத்து இசையிற் பெரும்பகுதி சபையில் வளர்ந்ததன்று. வயல்வரப்பிலும் படகிலும் மரணவீட்டு முற்றத்திலும் அது வளர்ந்தது, மதுக்கடையிலுங்கூட வளர்ந்தது. குடும்பத்தார் வாசிக்கும் பக்கத்தில் மதுக்கடைக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. விஷயம் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

அமெரிக்காவில் லோரன்ஸ் ஹமண்ட் என்றொருவர் கடிகாரத் தொழில் நடத்தி வந்தார். 1935ஆம் ஆண்டில் அவர் மின்சாரத்தால் இயங்கும் ஓர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பற்சக்கரங்கள் காந்தங்களின் அருகே சுழல, அதனால் எழும் மின்னோட்டமே நாதமாக மாறும். குழாய் ஓர்கன் வாங்கும் வசதியற்ற சிறிய தேவாலயங்கள் இதனை விரும்பி வாங்கின. ஆனால், அந்தப் பெட்டி தேவாலயத்தோடு நின்றுவிடவில்லை. பிலதெல்பியாவை அடுத்த நொரிஸ்டவுனில் பிறந்த ஜிம்மி ஸ்மித் என்ற கறுப்பின இளைஞர் அதனை ஜாஸ் இசைக்கு ஏற்ற வாத்தியமாக்கினார். 1956இல் அவரது இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கியதும் நாடெங்கும் அதே பாணி பரவிற்று.

இதில் ஒரு பொருளாதார நுட்பமும் உண்டு. ஓர்கன் வாசிப்பவர் வலக்கையால் இராகத்தையும், இடக்கையாலும் கால்களாலும் கீழ்ச்சுரங்களையும் தாமே வாசித்து விடுவார். பக்கத்தில் ஒரு கிட்டார், ஒரு முரசுத் தொகுதி; மூவரே போதும். பெரிய குழுவுக்குப் பணம் கொடுக்க இயலாத தெருமுனை மதுக்கடைக்காரரும் மூவருக்குக் கொடுக்கலாம் அல்லவா? இவ்வாறுதான் உழைப்பாளர் வாழும் தெருக்களில் ஓர்கன் குழுக்கள் பெருகின. பின்னாளிற் பங்க் எனப் பெயர்பெற்ற துள்ளிசைக்கும் அந்த ஓர்கன் துணை நின்றது.

அக்கடைகளில் வாசித்தவர்கள் மதுவைக் கூலியாக ஏற்றார்களா? அமெரிக்க இசைவாணர் சம்மேளனம் 1896இலேயே தோன்றி, வாசிப்புக்கு இன்ன கூலி என்று வரையறுத்து வந்தது. பிலதெல்பியாவில் வெள்ளையர் கிளை தம்மைச் சேர்க்க மறுத்தமையால், கறுப்பின இசைவாணர்கள் 1935இல் தமக்கெனத் தனிக்கிளை ஒன்றை நிறுவிக் கொண்டனர். மதுக்கடையில் வாசித்தாலும் தாம் தொழிலாளர், தமக்குரியது பணம் என்பதில் அவர்கள் உறுதியாயிருந்தனர். குடித்துக் கெட்டவர்களும் அவர்களில் இருந்தனர். அது வேறு கதை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சாராயக்கடையை நாம் ‘தவறணை’ என்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பைலா என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ஆடலைக் குறிப்பதே. அந்தப் பைலாவைப் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் 1940களில் சிங்களப் பாட்டாக வளர்த்தார். அதே துள்ளலைத் தமிழுக்குக் கொணர்ந்தவர்களுள் முன்னோடி யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம். கள்ளுக்கடையை அண்டாதே என்று புத்தி சொல்லும் அவருடைய பாட்டுக்கு மக்கள் கைகொட்டி ஆடினர். மதுக்கடையோடு பழகிய தாளமே மதுவுக்கு எதிராகப் பேசிய விந்தை அது!

சப்பிரகமுவத் தோட்டங்களிலோ தாளத்துக்குத் தலைமை தப்புக்கே உரியது. மரவளையத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் வாட்டிச் சூடேற்றி, தடித்த குச்சி ஒன்றும் மெல்லிய குச்சி ஒன்றுமாக அடிப்பார்கள். முற்காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் தப்பே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு நாம் இதனை விளக்க வேண்டியதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி. எங்கோ தொலைவில் நின்று கேட்பவருக்கும் ஊரில் நடப்பது இன்னதென்று அடியே அறிவித்துவிடும். எழுத்தறியாத மக்கள் தாளத்தால் எழுதிவைத்த செய்தித்தாள் அது.

இத்தகைய வித்தைக்கு நாம் கொடுத்த சன்மானம் என்ன? ஒரு போத்தல் சாராயம். திருவிழாவாயினும் சாவாயினும், “தப்புக்காரருக்கு ஏதாவது ஊற்றிக் கொடுங்கள்” என்பதே பலவிடங்களில் வழக்கம். கூலியைப் பேசுவதில்லை, பேசினாலும் பாதியைப் போத்தலிற் கழித்துவிடுவோம். குடித்தபின், “இவர்கள் குடிகாரர்கள்” என்று நாமே பழியும் சொல்வோம். சாதியின் பெயரால் எட்டி நிற்கவைத்த கொடுமை இதன் வேரிலே இருக்கிறது.

இதன் விளைவை நாம் வகுப்பறையிற் காண்கிறோம். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நம்மிடம் படிக்க வந்த மாணவர் ஒருவர் மேசைமீது விரல்களால் அருமையான தாளம் போடுவார். எங்கே கற்றாய் தம்பி என்று கேட்டால் தலைகுனிவார். அவருடைய தந்தையார் தப்புக்காரர் என்பதை அறிய நமக்கு ஓராண்டு சென்றது. “அப்பா மாலையிற் பணத்தோடு வந்ததில்லை, சேர், தள்ளாடித்தான் வருவார். தப்பைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது” என்றார். ஒரு வித்தை குடும்பத்தின் பகையாகிவிட்டால், அடுத்த தலைமுறை அதைத் தொடுமா?

பாட்டும் தாளமும் உழைப்பவரைத் தாழ்த்தப் பிறந்தவை அல்ல. 1930களிற் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாக்க முனைந்தபோது, அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பாட்டுப் பாடியே மக்களைத் திரட்டினார். நாட்கூலிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிவரும் நம் மக்கள், தங்களுக்குள்ளேயே ஒருவனுக்குக் கூலியாகப் போத்தலை நீட்டுவது முறையா?

ஆகவே, திருவிழாக் குழுவினருக்கும் கல்யாண வீட்டாருக்கும் நம் விண்ணப்பம் இதுவே. தப்புக் குழுவை அழைக்கும்போதே தொகையைப் பேசி முடியுங்கள். வேலை முடிந்ததும் வெற்றிலைத் தட்டில் வைத்து, நாலுபேர் அறிய, பணமாகவே கொடுங்கள். மற்ற விருந்தினரோடு ஒரே பந்தியில் அமர்த்தி உணவு கொடுங்கள். ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயரை வாசிக்கும் வாய் இவர்கள் பெயரையும் வாசிக்கட்டும். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் தப்புக்கும் ஓர் இடம் கொடுங்கள். அந்த மாலையில் ஒரு தாய், வெறுங்கையோடு தள்ளாடி வராத கணவனைக் காண்பாள். மகனும் தந்தையின் குச்சிகளை வெட்கமின்றிக் கையில் எடுப்பான்.