எதைப் பிடிக்க இந்தக் குறடு?

போன விடுமுறையில் தைப்பிங் வீட்டில் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற உட்கார்ந்தேன். எண்ணெயை வடிக்கும் போல்ட்டுக்கு 17 எண் ஸ்பேனர் வேண்டும். வீட்டில் இல்லை. அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். வழுக்கியது, போல்ட்டின் ஆறு முனைகளும் மழுங்கிவிட்டன. மறுநாள் காலை அப்பா அந்த வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும்.

இரும்புக் கடைக்கு ஓடினேன். நாம் 'வைஸ் கிரிப்' என்று சொல்லும் பூட்டுக் குறடுகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. "எது நல்ல பிராண்ட்?" என்று கேட்டு, பார்க்க அழகாயிருந்த நீள்மூக்குக் குறட்டை வாங்கி வந்தேன். அது போல்ட்டை இன்னும் சுரண்டியதுதான் மிச்சம்.

கடைசியில் பட்டறை அண்ணன்தான் காப்பாற்றினார். "தம்பி, எதைப் பிடிக்கப் போறேன்னு யோசிச்சியா?" என்று கேட்டபடியே, 10 அங்குல வளைதாடைக் குறட்டை மாட்டித் திருப்பினார். போல்ட் கழன்றது.

எனக்கு வெட்கம். ஏனென்றால் இந்தக் குறட்டின் இயக்கத்தை நான் தேர்வில் வரைந்திருக்கிறேன். உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு நேர்கோட்டைச் சற்றே தாண்டியதும் தாடை பூட்டிக்கொள்ளும். கையை எடுத்தாலும் பிடி விடாது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் குடியேறிய கொல்லர் வில்லியம் பீட்டர்சன் 1924இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இவ்வளவும் தெரியும். கடையில் எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை!

பிராண்ட் பிறகு. முதலில் பொருளின் வடிவத்தைப் பாருங்கள். குழாய், மழுங்கிய போல்ட் போன்ற உருண்டையானவற்றுக்கு வளைதாடை. அது பல இடங்களில் கவ்வும். தட்டையான பட்டைக்கு நேர்தாடை. நீள்மூக்கு, கை நுழையாத சந்தில் சிறு பொருளைப் பிடிக்க மட்டுமே. முறுக்கு வேலைக்கு ஆகாது. 'சி' வடிவத் தாடை, வெல்டிங்கில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், என் ஓட்டு 10 அங்குல வளைதாடைக்கே.

கைப்பிடி முனையிலுள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, ஒரு கையால் அழுத்தினால் 'டக்' என்று பூட்டும்படி வையுங்கள். இரண்டு கையாலும் போராட வேண்டியிருந்தால் திருகு அதிகம். கைப்பிடியின் ரப்பர் உறையை நம்பி மின்கம்பியில் வைத்துவிடாதீர்கள். அது மின்காப்பு அல்ல. நம் ஊர் மழைக்கு, திருகில் ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டும்.

இன்னொன்று. நல்ல நிலையிலுள்ள நட்டில் இதை வைக்காதீர்கள். தாடையின் பற்கள் முனைகளைத் தின்றுவிடும். சரியான ஸ்பேனர் தோற்ற பிறகுதான் இதற்கு வேலை.

பள்ளிப் பட்டறைகளில் கருவிகளின் பெயரைக் கேட்டு மதிப்பெண் போடுவதைவிட, மழுங்கிய போல்ட் ஒன்றையும் நான்கு குறடுகளையும் மேசையில் வைத்து "எது?" என்று கேட்கலாம். பிழையான குறட்டை எடுத்தவர் அது வழுக்குவதைத் தம் கையாலேயே உணர்வார்.

அப்பாவின் வண்டிக்குப் புதுப் போல்ட்டும் வாஷரும் போட்டாயிற்று. 17 எண் ஸ்பேனர் இப்போது அஞ்சடியில் ஆணியில் தொங்குகிறது. நீள்மூக்குக் குறட்டை அம்மா எடுத்துக்கொண்டார். தையல் இயந்திரத்தில் முறிந்த ஊசியை எடுக்க அது அருமையாக உதவுகிறதாம்.