ட்ரிக்கரை லேசாக்கலாமா டாக்டர்?

டெக்சாஸில் இருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். "டாக்டர், ஏஆர்-15 ரைஃபிள் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் சுடுவேன். ட்ரிக்கர் ரொம்ப ஹெவி. இழுத்தா நறநறன்னு இருக்கு. ரெண்டு பவுண்டு ட்ரிக்கர் மாத்திக்கோன்னு கூட வர்றவங்க சொல்றாங்க. நீங்க கை ஆபரேஷன் பண்ற டாக்டர், என்ன நினைக்கிறீங்க?"

பதில் நீண்டுபோச்சு. அவர் சம்மதத்தோட இங்கேயே போடறேன். நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது எதுக்குன்னு தோணலாம். அமெரிக்காவில் பிள்ளைங்க இருக்கிற வீடுகள் நம்மகிட்ட நிறைய. அதனால படிச்சு வைங்க.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கிறேன். அவர் புகார் நியாயமானதுதான். அமெரிக்க ராணுவத்தோட எம்16 வகை ரைஃபிள்களுக்கு ட்ரிக்கர் இழுவிசை ஐந்தரையில் இருந்து ஒன்பதரை பவுண்டு வரை இருக்கலாம்னு அளவு. அதாவது ரெண்டரை கிலோவில் இருந்து நாலு கிலோவுக்கு மேல. கடையில் விற்கிற சாதாரண ஏஆர்-15 ட்ரிக்கரும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். ரைஃபிளோட எடையே மூணு கிலோ சொச்சம். மூணு கிலோ பொருளைப் பிடிச்சுக்கிட்டு, அதுல ஒரு பாகத்தை ஒரு விரலால நாலு கிலோ விசையில இழுத்தா துப்பாக்கி அசையாம என்ன செய்யும்? குறி தப்பும். மோசமா சுடுறோம்னு நினைச்சு அடுத்த தடவை இன்னும் வெடுக்குன்னு இழுப்போம். இன்னும் தப்பும்.

ஆனா "கனம்" வேற, "நறநற" வேற. பெரும்பாலானவங்களைத் தொல்லை பண்றது ரெண்டாவதுதான். உள்ளே ஒண்ணோட ஒண்ணு உரசுற இரும்புப் பரப்புகள் சொரசொரப்பா இருக்கும். எப்ப விடுபடும்னு விரலுக்குத் தெரியாது. எடையைக் குறைக்காமலே வழுவழுப்பா, ஒரே இடத்துல தெளிவா விடுபடுற ட்ரிக்கர் கிடைச்சா, அதே ஆள் அன்னைக்கே நல்லா சுடுவார். அந்த மாற்றத்துக்கு நான் எதிரி இல்ல. எதிர்க்கிறது அந்த "ரெண்டு பவுண்டு"வை.

ஏன்னு சொல்ல என் துறைக்குள்ள வரணும்.

உங்க சுட்டுவிரலை மடக்கிப் பாருங்க. அதை மடக்குற தசை விரலுக்குள்ள கிடையாது. பெரிய தசைகள் முன்கையில இருக்கு. அங்கிருந்து தசைநாண் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிவரை ஓடுது. மத்த மூணு விரல்களை மடக்குற தசையும் அதே முன்கையிலதான், பக்கத்துப் பக்கத்துல. மூளை "பிடி"ன்னு உத்தரவு போட்டா அது ஒரு விரலோட நிக்காது. மூணு விரலால எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே சுட்டுவிரலை மட்டும் தளர்வா வைக்கப் பாருங்க. எவ்வளவு கவனம் தேவைப்படுதுன்னு தெரியும்.

இன்னொண்ணு. டவுன் பஸ்ல நின்னுட்டு வர்றீங்க. டிரைவர் சடன் பிரேக் போடுறார். கம்பியைப் பிடிக்கலாம்னு நீங்க யோசிச்சா பிடிச்சீங்க? கை தானா பிடிச்சிருக்கும். இன்னொரு கையில இருந்த செல்போனும் சேர்ந்தே இறுகியிருக்கும். ஒரு கை வேகமா இறுகினா மறு கையும் கொஞ்சம் இறுகும். நரம்பு மண்டலம் நம்மளை அப்படித்தான் கட்டியிருக்கு.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரோஜர் எனோகா, தசை இயக்கத்தை ஆராயறவர், 2003ல இதைத் துப்பாக்கியோட சேர்த்து எழுதினார். நினைக்காமலே ட்ரிக்கர் இழுபட மூணு வழி: மறு கையோட இறுக்கம், கால் தடுமாறுறது, திடுக்கிடுறது. மூணுலயும் சம்பந்தப்பட்டவர் "நான் இழுக்கல"ன்னுதான் சொல்வார். அது பொய் இல்ல.

நான் சில வருஷம் அமெரிக்காவில் வேலை பார்த்தப்ப அதே வார்த்தையை நேர்ல கேட்டேன். தன் இடது உள்ளங்கையைத் தானே சுட்டுக்கிட்டு வந்தவர். ஆறு மணி நேரம் ஆபரேஷன். மோதிர விரலைக் காப்பாத்த முடியல. மயக்கம் தெளிஞ்சதும் முதல்ல கேட்டது, "டாக்டர், நான் இழுக்கவே இல்லையே?" இழுத்தீங்க, ஆனா நீங்க இழுக்கலன்னு எப்படிச் சொல்றது? அவருது கைத்துப்பாக்கி. அதோட தோட்டா நொடிக்கு முந்நூத்திச் சொச்சம் மீட்டர்ல போகும். ஏஆர்-15 தோட்டா 900 மீட்டருக்கு மேல. அது கையில பட்டிருந்தா காப்பாத்த விரல்களே மிஞ்சியிருக்காது. அமெரிக்க வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகை. அது இந்தத் தோட்டாவுக்குத் தடையே இல்ல.

அப்போ கனமான ட்ரிக்கர்தான் பாதுகாப்பா? அதுவும் முழு உண்மை இல்ல. 2014 நவம்பர்ல நியூயார்க் புரூக்ளின்ல, இருட்டான மாடிப்படியில, ஒரு இளம் போலீஸ்காரர் கையில இருந்த துப்பாக்கி வெடிச்சுது. தோட்டா சுவர்ல பட்டுத் தெறிச்சு கீழ்ப் படியில நின்ன, ஆயுதம் எதுவும் இல்லாத ஒரு 28 வயசுக்காரர் உயிரை எடுத்தது. அந்தத் துப்பாக்கியோட இழுவிசை 11 பவுண்டுக்கு மேல. வழக்குல ஜூரி உறுப்பினர்கள் அந்த ட்ரிக்கரைத் தாங்களே இழுத்துப் பார்த்தாங்க. அவ்வளவு கனமும் தடுக்கல. காரணம், விரல் ட்ரிக்கர் மேல இருந்தது. சுட முடிவு பண்ற வரைக்கும் விரல் வெளியே, சட்டத்தோட ஓரமா நீட்டி இருக்கணும். கனம் அதுக்கு மாற்று இல்ல. கனம் கொடுக்கிறது ஒரு சின்ன அவகாசம். ரெண்டு பவுண்டுல அந்த அவகாசமும் போயிடுது.

செமி ஆட்டோமேட்டிக்ல இதுக்கு ஒரு கூடுதல் சிக்கல். ஒரு குண்டு போனதும் அடுத்தது தானா ஏறி ரெடியா நிக்கும். ட்ரிக்கர் ரொம்ப லேசா இருந்து பிடியும் தளர்வா இருந்தா, பின்னுதைப்புல ரைஃபிள் பின்னாடி போய்த் திரும்ப முன்னாடி வரும்போது விரல்ல இடிச்சு ரெண்டாவது குண்டும் போகலாம். நீங்க ஒண்ணுதான் நினைச்சீங்க, ரெண்டு போச்சு. 2017ல லாஸ் வேகஸ் படுகொலையில பயன்பட்ட பம்ப் ஸ்டாக் இந்த இயக்கத்தைத்தான் வேணும்னே பயன்படுத்துற கருவி. அதுக்குப் போட்ட தடையை 2024 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3ன்னு ரத்து பண்ணிடுச்சு. ட்ரிக்கரோட "ஒரு இயக்கம்"னா என்னங்கிறதுதான் அங்க வாதமே. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கல. அதை வேற நாள் பேசலாம்.

யூடியூப் பார்த்து அரம், உப்புத்தாள் எடுத்து வீட்லயே தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் பாகங்கள்ல பலதுக்கு மேல் தோல் மட்டும்தான் கெட்டி. அது போயிட்டா அடியில இருக்கிற மெதுவான இரும்பு சீக்கிரம் தேயும். அப்புறம் சேஃப்டியை எடுத்ததுமே வெடிக்கலாம், ஒரு இழுப்புக்கு மூணு போகலாம். விஸ்கான்சின்ல ஒருத்தர் இரவல் கொடுத்த ஏஆர்-15 ரேஞ்சுல அப்படித் தொடர்ந்து சுட்டுது. பழுதுன்னு அவர் தரப்பு வாதாடிச்சு. 2008ல 30 மாச ஜெயில்.

ஆக, தம்பி, நல்ல கம்பெனியோட ரெண்டு-கட்ட ட்ரிக்கர் வாங்குங்க, நாலரை பவுண்டுக்குக் குறையாம. அமெரிக்க சர்வீஸ் ரைஃபிள் போட்டிகள்ல 600 கஜ தூரத்துக்குச் சுடுறவங்களுக்கே அதுதான் குறைந்தபட்ச அளவு. உங்க ரேஞ்சு 100 கஜம்னு எழுதியிருக்கீங்க! கன்ஸ்மித்கிட்ட கொடுத்து மாட்டுங்க. மாட்டினதும் இழுவிசையை அளந்து காட்டச் சொல்லுங்க.

விரல் வலிக்கு மட்டும் தனியா பதில். நுனி விரலால இழுக்கணுமா நடு மூட்டாலயான்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. நேரா பின்னாடி வர்ற இடம் எதுவோ அதுல வைங்க. இருநூறு ரவுண்டுக்கு அப்புறமும் வலி இருந்தா அன்னைக்குப் போதும். காலையில விரல் மடங்கி மாட்டிக்கிட்டு டக்குன்னு நிமிர்ந்தா, அந்த நோய்க்குப் பேரே ட்ரிக்கர் ஃபிங்கர். டாக்டரைப் பாருங்க.

கடைசியா, கடிதத்துல போற போக்குல நீங்க எழுதின ஒரு வரி. "நாலு வயசுப் பையன் இருக்கான், அலமாரி மேல் தட்டுல வெச்சிருக்கேன்." 1995ல அமெரிக்காவில் குழந்தைகளோட விரல் பலத்தை அளந்தாங்க. ரெண்டு சுட்டுவிரலும் சேர்த்தா 10 பவுண்டு இழுக்கிற பலம் 3-4 வயசுல நூத்துக்கு 25 பேருக்கு இருந்தது. 5-6 வயசுல 70. 7-8 வயசுல 90. நீங்க கேட்கிறது ரெண்டு பவுண்டு.

ட்ரிக்கர் அடுத்த மாசம் வாங்கலாம். இந்த வாரம் பூட்டுற இரும்புப் பெட்டி வாங்குங்க. ரைஃபிள் ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல. வாங்கினதும் கமென்ட்ல சொல்லுங்க. சாவி எங்க இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க.