போர் போட்டிக்கு முடிவு கட்டுவோம்!



திண்டுக்கல் சமவெளியில் நம்ம காலுக்கடியில் கெட்டிப் பாறைதான். தண்ணி அந்தப் பாறை வெடிப்புக்குள்ளே நிக்குது. கமலை கட்டிய காலத்தில் ஊறுன அளவுக்குத்தான் இறைத்தோம்.

இன்று? ஒருத்தர் 800 அடி போர் போட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வத்துது. அவர் கடன் வாங்கி 1000 அடி போகிறார். பணக்காரன் கொஞ்ச நாள் தாக்குப்பிடிப்பான். ரெண்டு ஏக்கர்காரன் நிலத்தை விற்க வேண்டியதுதான்.

"இலவச மின்சாரம்தான் காரணம், மீட்டர் வை" என்கிறார்கள். ஒப்ப மாட்டோம்! 1978-இல் வேடசந்தூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட மண் இது. கரண்டு நம்ம உரிமை. ஆனால் நிலத்தடி நீர் ஊர்ச் சொத்து. அதை நாமே காக்காவிட்டால் மீட்டர் வைக்க நாமே வழிவிட்டதாகும்.

அரசு என்ன செய்தது? 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டது. அமலுக்கே கொண்டுவராமல் 2013-இல் ரத்து செய்தது.

மகாராஷ்டிராவின் ஹிவரே பஜாரில் பெய்த மழையைக் கணக்குப் போட்டு ஊரே கூடிப் பயிரை முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு போர் போடுவதில்லை. நம்ம கிராமசபையிலும் தீர்மானம் போடுவோம்: கிணற்றுக்குப் பக்கத்தில் புது போர் வேண்டாம், மழை குறைந்த வருசம் கரும்பு, வாழையைக் குறைத்து சோளம், பயறு விதைப்போம்.

அரசே!

* குளங்களைத் தூர்வாரு! வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பை அகற்று!
* சிறு, குறு விவசாயிக்கான 100 சதவீத சொட்டுநீர் மானியத்தை அலையவிடாமல் கொடு!
* லாரியில் தண்ணி விற்கும் வியாபாரத்தைத் தடை செய்!

ஊர் கூடினால்தான் ஊற்று நிக்கும். அணிதிரள்வீர்!