முத்திரையும் மனச்சாட்சியும்

ஏற்காட்டுக்குச் செல்லும் நேயர்கள் கிளியூர் அருவியைக் கண்டு களித்துத் திரும்புகிறார்கள். அவ்வட்டாரத்து மலைவாசிகளுக்கோ இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கவேண்டிய காரியங்கள் நேர்கின்றன. அவற்றுள் ஒன்று, ஏதேனும் ஒரு பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி பப்ளிக்கின் முத்திரையைப் பெறுவதாகும்.

இந்த முத்திரைக்கு ஒரு வேடிக்கையான பூர்வ சரித்திரம் உண்டு. வெள்ளையர் ஆட்சியில், அயல்நாட்டிலும் செல்லத்தக்க நோட்டரி பதவி வேண்டியவர்கள், இங்கிலாந்தில் காண்டர்பரி தலைமைப் பாதிரியாரைச் சேர்ந்த சபையிடமிருந்து நியமனம் பெற்றுவந்தார்கள். நம் நாட்டு வக்கீலின் முத்திரைக்கு அந்நியநாட்டு மதகுருவின் அநுமதி! சுதந்திரம் வந்த பிறகு, 1952-ம் வருஷத்து நோட்டரிச் சட்டம் இந்த அவமானத்தை நீக்கிற்று. 1956-ல் அதற்குரிய விதிகளும் ஏற்பட்டன.

இப்பதவியை அடையும் மார்க்கம் யாது? சட்டப் பட்டம் பெற்று, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, பத்து வருஷம் தொழில் நடத்தியிருக்க வேண்டும். ஸ்திரீகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருஷமே போதும். பிறகு மத்திய சர்க்காருக்கோ மாகாண சர்க்காருக்கோ மனுச் செய்துகொள்ளலாம். மனுதாரர் அந்தப் பிரதேசத்திலேயே வசிப்பவரா, அங்கே வியாபாரம் எவ்வளவு நடக்கிறது, ஏற்கெனவே எத்தனை நோட்டரிகள் இருக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்தே நியமிப்பார்கள். தொழில் நடத்தும் அத்தாட்சிப் பத்திரம் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

பதவி கிடைத்தவுடன் வட்டமான முத்திரை ஒன்று கைக்கு வருகிறது. அத்துடன் பதிவேடும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அம்முத்திரையின் மதிப்பெல்லாம் நோட்டரியின் கண்களில் இருக்கிறது. "இன்னார் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்" என்பதே அவர் உலகுக்குச் சொல்லும் வாக்கு. ஆளைக் காணாமல் காகிதத்தை மட்டும் கண்டு முத்திரையிடுபவர், சட்டத்தை மாத்திரமல்ல, தம் மனச்சாட்சியையும் விற்றவராவார்.

இன்னொரு விஷயத்தையும் குடும்பஸ்தர்கள் அறிந்திருப்பது அவசியம். நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் நிலம் கிரயமாகிவிட்டது என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். இது பெருந்தவறு. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்தை விற்பதானால், பதிவு செய்த பத்திரத்தின் மூலமே விற்க வேண்டும் என்பது 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். பதிவாகாத காகிதத்தில் எத்தனை முத்திரை பொலிந்தாலும், வாங்கியவருக்கு உரிமை பிறவாது. கொடுத்த பணத்துக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்பதே மிஞ்சும். இதை வந்தவருக்கு எடுத்துச் சொல்லித் திருப்பியனுப்புவதும் நல்ல நோட்டரியின் கடமையே என்போம்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் சேலம் ஜில்லாவில் பழங்குடியினராகச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டவர்கள். ஆகவே அவர்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ வக்கீலாகி ஏழு வருஷம் உழைத்தால் இந்த மனுவைப் போடலாம். மலையிலேயே வசிப்பவர் என்பது அவருக்கு ஒரு யோக்கியதையும் ஆகும். கைநாட்டு வைக்க வரும் கிழவருக்குப் பத்திரத்தை அவருடைய பேச்சிலேயே படித்துக் காட்டி, "தாத்தா, இது புரிந்ததா?" என்று கேட்டபின் முத்திரையை எடுக்கும் ஒருவர் அம்மலைக்குக் கிடைப்பாரானால், அந்நாளைக் காண நாம் ஆவலுடன் காத்திருக்கிறோம்.