சோம்பல் யாருடைய குற்றம்?

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த நிபுணர்கள் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளியிட்ட கணக்கொன்று, நமது தேசத்தின் நன்மையில் அக்கறையுள்ள ஒவ்வொருவரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. 2000-ம் வருஷத்தில் இந்தியாவில் வயது வந்தவர்களுள் 100-க்கு 22 பேர் போதிய தேக உழைப்பின்றி இருந்தனர். 2022-ல் இத்தொகை 100-க்கு 49 ஆக ஏறிவிட்டது. இவ்விதமே போனால் 2030-ல் 60 ஆகிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். அந்நிபுணர்கள் எதிர்பார்க்கும் உழைப்போ மல்யுத்தமன்று, கர்லாக்கட்டை சுழற்றுவதுமன்று. வாரத்தில் 150 நிமிஷம் சற்று விரைவாக நடந்தால் போதும். நாளொன்றுக்கு அரை மணி நேரங்கூட ஆகாது. அதுவும் இயலாத நிலைக்கு ஜனத்தொகையில் பாதிப்பேர் வந்து சேர்ந்தது எப்படி?

இக்கேள்விக்கு ஊரெங்கும் ஒரே விடைதான் கிடைக்கிறது. ஜனங்கள் சோம்பேறிகளாகி விட்டார்கள். மன உறுதி அற்றுப் போயிற்று. நாவைக் கட்டவும் உடலை வளைக்கவும் ஒருவருக்கும் மனமில்லை என்பதே அது. மேடையிலும் வீட்டிலும் இதே உபதேசம் நடந்து வருகிறது. இதை நாம் அங்கீகரிக்க முடியாது. மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறுபடுகிறது என்பது மெய்யே. ஓடியாடுவதில் ஒருவனுக்குள்ள விருப்பத்தில் பரம்பரைக்கும் ஒரு பங்குண்டு என்று இரட்டைக் குழந்தைகளைப் பரிசோதித்த சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு தேசத்தின் இரத்தம் 22 வருஷத்தில் மாறிவிடுமா? ஒரு தலைமுறைக்குள் சோம்பல் இரு மடங்காகப் பெருகியிருக்குமானால், மாறியது மனிதனல்ல, அவன் வாழும் விதமே என்பது வெளிப்படை.

இதற்கு லண்டன் நகரமே சாட்சி. அந்நகரத்து மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரமி மாரிஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1953-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கினார். மாரடைப்பு நோய் டிரைவர்களைக் காட்டிலும் கண்டக்டர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. இருவரும் ஒரே பஸ்ஸில் சென்றவர்கள். தேகாப்பியாசத்தில் பற்றுக் கொண்டு கண்டக்டர் படியேறவில்லை. அவர் பார்த்த உத்தியோகம் அவரை ஏறச் செய்தது.

நமது நாட்டிலும் வெகுகாலம் வேலையே தேகப் பயிற்சியாக இருந்து வந்தது. ஏற்றம் இறைத்தவனுக்கும் உரலில் நெல் குத்தியவளுக்கும் தனியாக ஓர் அப்பியாசம் தேவைப்படவில்லை. இன்று மோட்டாரும் யந்திரமும் அவ்வேலைகளைச் செய்கின்றன. இதற்காக நாம் வருந்தவில்லை. அம்மியையும் உரலையும் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று ஸ்திரீகளுக்கு உபதேசிப்பவர்கள் அவற்றை ஒரு நாளும் தொட்டறியாதவர்கள். இன்னமும் வயலில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கும் செங்கல் சுமக்கிறவனுக்கும் தேவை ஓய்வேயன்றி உழைப்பன்று. நமது குறையெல்லாம் வேறு. பழைய பாடு ஒழிந்த இடத்தில் விளையாட்டும் உலாவலும் வந்து சேரவில்லை. பாடு போயிற்று, அதற்கு ஈடாக நாற்காலி வந்தது.

நிற்க, மேற்படி கணக்கில் இன்னொரு விஷயம் உண்டு. போதிய உழைப்பில்லாத புருஷர் 100-க்கு 42; ஸ்திரீகளோ 57. பெண்கள் ஆண்களைவிடச் சோம்பேறிகள் என்று எவரேனும் சொல்லத் துணிவாரா? விடியற்காலையில் எழுந்து அடுப்படியிலும் அலுவலிலும் மாறி மாறி நாளைக் கழிப்பவளுக்குத் தனக்கென்று அரை மணி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தெருவில் தனியே நடக்கத் துணிவு வேண்டும். வீட்டாரின் சம்மதம் வேண்டும். தெருவில் விளக்கு வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தனர். ஜில்லா கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஊராரின் பரிகாசத்தைப் பொருட்படுத்தாமல் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினர். தடை நீங்கியதும் கால்கள் தாமே அசைந்தன.

சென்னைத் திருமங்கலத்திலுள்ள ஒரு குடியிருப்பில் நடந்ததும் இதையே ருசுப்படுத்துகிறது. 1990-களின் பிற்பகுதியில் நீரிழிவு வைத்தியர்கள் அங்கே விசாரித்தபோது, தேகாப்பியாசம் செய்தவர்கள் 100-க்கு 14 பேரே. வைத்தியர்கள் எடுத்துச் சொன்னதைக் கேட்ட குடியிருப்போர் தங்கள் கைப்பணத்தைப் போட்டு ஒரு பூங்கா அமைத்துக் கொண்டனர். சில வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது அப்பியாசம் செய்பவர்கள் 100-க்கு 58-க்கு மேல் ஆகியிருந்தனர். ஜனங்கள் அவர்களேதான், புதிதாய் வந்தவை போதனையும் நடப்பதற்கோர் இடமுமே.

எல்லா ஊராரும் கைப்பணத்தில் பூங்கா அமைத்துக் கொள்ள இயலாது. வரி வாங்குகிறவர்களுக்கே அக்கடமை உரியது. சென்னை நகர சபை 2014-லேயே, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முதலிடம் கொடுத்து, போக்குவரத்துச் செலவில் 100-க்கு 60 பங்கை அவர்களுக்கு ஒதுக்குவதென்று ஒரு கொள்கையை ஏற்றது. 2023-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை வகுக்கும் திட்டத்தைத் தொடங்கினர். இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஜில்லாவுக்கு ஒரு பாதை எம்மட்டில் போதும்? கிழவரும் குழந்தையும் தத்தம் வீட்டு வாசலிலிருந்து பயமின்றி நடந்து செல்லும்படி ஒவ்வொரு தெருவும் திருந்த வேண்டாமா? நடைபாதை என்று பெயர் சூட்டிய இடத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஜனங்கள் நடப்பதில்லை என்று புலம்புவது எந்த நியாயம்? பள்ளிக்கூடங்களில் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, வாலிபர்களுக்கு வலுவில்லை என்பதும் அவ்வாறானதே.

2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி இந்தியாவில் நீரிழிவு கொண்டவர்கள் சுமார் 10 கோடி. உழைப்பின்மை அதற்கு ஒரே காரணமல்லவாயினும், முக்கியமான காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. குடும்பத்தைத் தாங்குகிற வயதிலேயே மனிதரை வீழ்த்தும் இந்நோயைக் குணத்தின் குற்றமென்று தள்ளிவிடுவது, கடமையில் தவறியவர்களைத் தப்பவிடுவதேயாகும்.

பொதுத் தொண்டில் ஈடுபட்டோருக்கு இதில் பெரும் பங்குண்டு. 1930-ல் அறுபது வயது நிரம்பிய காந்தியடிகள் தண்டிக்குச் சுமார் 240 மைல் நடந்தார். அதே வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் 150 மைல் தொண்டர்களை நடத்திச் சென்றார். தனியே விட்டால் நான்கு தெரு நடக்கத் தயங்குபவனும் கூட்டத்தோடு பல மைல் நடப்பான். ஆகவே தொண்டர்கள் வட்டந்தோறும் கூடி நடக்கட்டும். பெண்களுக்கும் அதில் சமமான இடம் இருக்கட்டும். நடந்து பார்த்தால் எந்தத் தெருவில் பாதையில்லை, எந்த மைதானம் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது, எங்கே விளக்கு எரியவில்லை என்பது தெரிந்துவிடும். அந்த ஜாபிதாவோடு நகர சபையின் வாசலுக்கும் பஞ்சாயத்தின் வாசலுக்கும் செல்லட்டும். சோம்பேறி என்னும் பட்டத்தை ஜனங்களுக்குச் சூட்டுவதற்கு முன், அவர்கள் நடக்க வழி விட்டோமா என்று அதிகாரத்தில் இருப்போர் பதில் சொல்லியாக வேண்டும்.